போடோக் கலவையும் விகிதக் கணக்கும்

உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றில் உண்டாகும் வெளிறல் நோயைத் தடுக்கப் போடோக் கலவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. இக்கலவையின் பங்குகள் பிழைத்தால் நோய்க்குப் பதிலாக மருந்தே இலைகளைக் கருக்கிவிடும். ஆதலின் கமக்காரர் ஒவ்வொருவரும் இதன் விகிதக் கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.

நூற்றுக்கு ஒரு வீதக் கலவையின் விகிதம் 1:1:100 ஆகும். அதாவது, மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்று 1 கிலோகிராம், நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோகிராம், நீர் 100 லீற்றர்.

முதலாங் கணக்கு: 40 லீற்றர் நீருக்கு எவ்வளவு வேண்டும்?
100 லீற்றருக்கு 1000 கிராம். எனவே 1 லீற்றருக்கு 10 கிராம். 40 லீற்றருக்கு மயில்துத்தம் 400 கிராம், சுண்ணாம்பு 400 கிராம்.

இரண்டாங் கணக்கு: ஒருவர் தவறுதலாக 400 கிராம் மயில்துத்தத்துக்கு 50 கிராம் சுண்ணாம்பையே இட்டார். மேலும் 40 லீற்றர் நீர் ஊற்றினாற் குறை தீருமா?
தீராது. முன்னர் 8:1 ஆக இருந்த விகிதம் பின்னரும் 8:1 ஆகவே இருக்கும். நீர் கலவையின் செறிவைக் குறைக்குமேயன்றி, மற்றை இரண்டின் விகிதத்தை மாற்றாது. குறைந்த 350 கிராம் சுண்ணாம்பைச் சேர்ப்பதே வழி.

கலக்கும் முறை: உலோகமல்லாத பாத்திரங்களையே பயன்படுத்துக. மயில்துத்தத்தைப் பாதியளவு நீரிற் கரைக்க. சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீர் தெளித்து நீற்றி, மிகுதி நீரிற் கரைத்து வடிகட்டுக. நீற்றும்போது வெப்பம் உண்டாகும், கண்களைக் காத்துக்கொள்க. பின்னர் மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்குக.

சோதனை: காற்றுப்பட்டுப் பழுதான சுண்ணாம்பு, நிறை சரியாயினும் வலுக் குறைந்தது. ஆகவே துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையிற் சில நிமிடம் அமிழ்த்துக. செந்நிறப் படிவு தோன்றினால் மேலும் சுண்ணாம்பு நீர் சேர்த்து, படிவு தோன்றாதவரை மீண்டும் சோதிக்க. கலந்த அன்றே தெளித்து முடித்தல் வேண்டும். பயிருக்கேற்ற செறிவையும் காலத்தையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

பயிற்சி: உங்களிடம் 300 கிராம் மயில்துத்தமே உண்டு. நீற்றிய சுண்ணாம்பே கிடைக்கின்றது. 3 பங்கு நீற்றாத சுண்ணாம்புக்கு 4 பங்கு நீற்றிய சுண்ணாம்பு ஏறத்தாழச் சமம். எவ்வளவு கலவை செய்யலாம்?

விடை: நீர் 30 லீற்றர்; நீற்றிய சுண்ணாம்பு 400 கிராம்.