திருகா, பட்டனா, டச்சா? பார்வையற்றவரின் சமையலறைக்குச் சாமான் வாங்குமுன்

பார்வையற்றவர் சமைப்பதற்கென்று தனிச் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் இருப்பதிலேயே சரியானதை எடுத்தால் போதும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், அது ஓடுகிறதா நிற்கிறதா, எந்த அளவில் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறதா? மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அப்புறம்.

இயக்கும் முறை

திருகுக்குத்தான் முதலிடம். மிக்ஸியில் ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு வேகம், திருகின் முனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தடவினாலே நிலை தெரிந்துவிடும். மைக்ரோவேவிலும் சூட்டுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என இரண்டே திருகுகள் உள்ள சாதாரண மாடல் போதும், விலையும் குறைவு. முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் திருகு மட்டும் வேண்டாம். அதில் எது பூஜ்யம் என்று கைக்குப் பிடிபடாது.

அடுத்தது அழுத்தும் பட்டன். வழவழப்பான பிளாஸ்டிக் உறைக்கு அடியில் இருந்தாலும், அழுத்தினால்தான் வேலை செய்யும். குறி ஒட்டிவிட்டால் விரலால் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

டச் பேனல் கடைசி. தேடுகிற விரலே அதை இயக்கிவிடும். எதைத் தொட்டாலும் ஒரே ‘பீப்’. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தடித்த பிளாஸ்டிக் அட்டையில் தேவையான இடங்களில் மட்டும் ஓட்டை போட்டு மேலே பொருத்துங்கள்.

கேஸா, இண்டக்‌ஷனா?

கேஸில் தீயின் இரைச்சல் காதுக்குக் கேட்கும், கசிவு மூக்குக்குத் தெரியும். பெரும்பாலான அடுப்புகளில் திருகை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் முதலில் முழுத் தீ, இன்னும் திருப்பினால் சிம். தானே பற்றும் அடுப்பென்றால் லைட்டரோடு பர்னரைத் துழாவ வேண்டாம். ஆனால் முந்தானையும் கைப்பிடித் துணியும் தீயருகே போகும் ஆபத்து உண்டு.

இண்டக்‌ஷனில் தீ இல்லை. பாத்திரத்தை எடுத்தால் சூடேற்றுவதும் நிற்கும். ஆனாலும் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் தங்கியிருக்கும், தடவக் கூடாது. பல மாடல்களில் டச் பேனல்தான். புதிதாகச் சமைக்கக் கற்பவர்க்கு அழுத்தும் பட்டன் உள்ள இண்டக்‌ஷன் நல்லது. பல வருஷம் கேஸில் பழகியவரை வலுக்கட்டாயமாக மாற்ற வேண்டாம்.

எதால் குறி வைப்பது?

அலமாரிக் கதவில் ஒட்டும் சிலிக்கான் பொட்டு கைக்கு நன்றாகத் தட்டுப்படும். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் உதிரும். நெயில் பாலிஷைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று முறை காயவிட்டு வைத்தால் சிறு மேடு கிடைக்கும். தேயத் தேயப் புதுப்பிக்க வேண்டும். அடுப்புத் திருகு போன்ற நிரந்தர இடத்துக்கு எம்-சீல். ஒட்டினால் எடுப்பது கஷ்டம், எனவே இடத்தை முடிவுசெய்தபின் வையுங்கள். எதுவானாலும் ‘ஆஃப்’, அன்றாடம் பயன்படுத்தும் ஓர் அளவு என்று இரண்டு மூன்று குறி போதும். எல்லாவற்றுக்கும் வைத்தால் எது எதென்று குழம்பும். கொஞ்சம் பார்வை உள்ளவர்க்கு மேட்டைவிட நிற வேறுபாடு உதவும்: கறுப்புத் திருகில் மஞ்சள் கோடு வையுங்கள்; பளபளக்கும் எவர்சில்வர் முகப்பைத் தவிருங்கள்.

கைபேசியும் ஸ்மார்ட் பிளக்கும்

டென்மார்க்கில் 2015இல் தொடங்கிய ‘பீ மை ஐஸ்’ செயலியில் தன்னார்வலர் ஒருவர் வீடியோவில் பார்த்துத் திரையில் இருப்பதைச் சொல்வார். புதுச் சாமானைப் பழக இது அருமை. தினமும் பால் காய்ச்ச இதை நம்பியிருக்க முடியாது. குரலுக்குக் கட்டுப்படும் ஸ்மார்ட் பிளக், ஸ்விட்ச் போட்டபடியே நிற்கும் சாமானுக்குத்தான் ஒத்துவரும். இண்டக்‌ஷனில் மின்சாரம் வந்தாலும் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். அங்கே அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

வாங்கப் போகும்போது சமைக்கப் போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். பெட்டியைப் பிரித்து, பிளக்கில் மாட்டி, அவர் தடவிப் பார்த்து இயக்கிய பிறகு பில் போடச் சொல்லுங்கள்.