பணிசெயல் முறைமையைத் தரமுயர்த்தலும் சாதனச் செலுத்திகளும்



க.பொ.த. (சா/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பணிசெயல் முறைமையின் தொழில்களை எழுதுமாறு கேட்டால், 'சாதனங்களை முகாமை செய்தல்' என்று எல்லோரும் எழுதிவிடுவீர்கள். அதை எவ்வாறு செய்கின்றது என்று அடுத்த வினா வந்தால் பலரது பேனா நின்றுவிடும். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் இங்கு விரிவாக நோக்குவோம்.

பின்வரும் சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்க. தெரணியகலை நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடை. ஒரு கணினி, ஒரு வருடி, ஒரு லேசர் அச்சுப்பொறி. தோட்டங்களிலிருந்து வருவோரின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் பாடசாலை விண்ணப்பமும் இவற்றில்தான் வருடப்பட்டு அச்சாகின்றன. கடைக்காரர் ஒரு நாள் புதிய விண்டோஸ் பதிப்பை நிறுவுகின்றார். மறுநாள் வருடியும் இயங்கவில்லை, அச்சுப்பொறியும் இயங்கவில்லை. மின்விளக்கு எரிகின்றது, கேபிளும் சரியாக உள்ளது. இரண்டும் பழுதாகிவிட்டன என்று எண்ணி, புதியன வாங்கக் கடன் தேடுகின்றார். உண்மையில் எதுவுமே பழுதாகவில்லை. இல்லாமற் போனது செலுத்தி மட்டுமே.

சாதனச் செலுத்தி என்பது, பணிசெயல் முறைமை விடுக்கும் பொதுவான அறிவுறுத்தலைக் குறித்த ஒரு வன்பொருள் விளங்கிக்கொள்ளும் அறிவுறுத்தலாக மாற்றிக் கொடுக்கும் முறைமை மென்பொருளாகும். கடைகளில் 'டிரைவர்' என்பது இதனையே. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. பெரியதுரை மலையில் இறங்கி ஒவ்வொருவரிடமும் பேசுவதில்லை. அவர் கட்டளையை இடுவார். எந்த நிரையில் யார் கொழுந்தெடுப்பது என்று கங்காணி அதைப் பிரித்துச் சொல்வார். புதிய துரை வந்து கட்டளையிடும் முறையையே மாற்றிவிட்டால், பழைய முறைக்குப் பழகிய கங்காணி தடுமாறுவார். அதற்காகக் கொழுந்தெடுப்பவர்களுக்கு வேலை மறந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? (பரீட்சையில் கங்காணியை எழுத வேண்டாம். மேலே தந்த வரைவிலக்கணத்தை எழுதுக.)

பணிசெயல் முறைமையை மாற்றும்போது செலுத்தி ஏன் பயனற்றுப் போகின்றது என்பதற்கு இரண்டு முக்கிய காரணங்கள் உள்ளன.

முதலாவது, பணிசெயல் முறைமையின் உள்ளமைப்பு மாறுவது. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் விண்டோஸ் விஸ்டா. 2001இல் வெளிவந்த எக்ஸ்பியைப் பயன்படுத்தியோர் 2007 ஜனவரி 30இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விஸ்டாவுக்கு மாறியபோது, காட்சி, ஒலி ஆகியவற்றுக்கான செலுத்திகளின் அடிப்படையே மாற்றப்பட்டிருந்தது. எக்ஸ்பிக்கு எழுதிய பல செலுத்திகள் அதில் ஒழுங்காக இயங்கவில்லை. மைக்ரோசொப்டின் முன்னாள் தலைவரும் அப்போதைய பணிப்பாளர் சபை உறுப்பினருமான ஜோன் ஷேர்லி தமது அச்சுப்பொறிக்கும் வருடிகளுக்கும் செலுத்தி கிடைக்கவில்லை என்று அந்நிறுவனத்துக்கே முறையிட்டு எழுதினார். அமெரிக்காவில் விஸ்டா தொடர்பாக நடந்த ஒரு வழக்கின்போது 2008இல் இக்கடிதங்கள் வெளிவந்தன. அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஸ்டீவன் சினோவ்ஸ்கி கொடுத்த விளக்கமும் அவற்றுள் இருந்தது: விஸ்டா உண்மையில் வெளிவரும் என்று வன்பொருள் உற்பத்தியாளர்கள் நம்பாததால் செலுத்தி எழுதும் வேலையை 2006இன் பிற்பகுதியிலேயே தொடங்கினார்களாம். மைக்ரோசொப்ட் பணிப்பாளருக்கே இந்த நிலை என்றால் எங்கள் கொமியூனிகேஷன் கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை.

அதே ஆவணங்களில் இன்னொரு செய்தியும் உண்டு. 2007இல் ஒரு காலப்பகுதியில் பதிவான விஸ்டா நிலைகுலைவுகளில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியா நிறுவனத்தின் காட்சி அட்டைச் செலுத்திகளால் நிகழ்ந்தவை. ஒரு செலுத்தியின் தவறு முழுக் கணினியையும் எப்படி நிறுத்தும்? பல செலுத்திகள் பணிசெயல் முறைமையின் உட்கருவான கேர்னலுடன் இணைந்தே இயங்குகின்றன. சாதாரண பிரயோக மென்பொருள் ஒன்று தவறினால் அது மட்டும் மூடப்படும். கேர்னலில் இயங்கும் செலுத்தி தவறினால் நீலத்திரைதான்.

இரண்டாவது காரணம் 32 பிற்று, 64 பிற்று வேறுபாடு. 32 பிற்று முகவரியால் சுட்டக்கூடிய நினைவக இடங்கள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4 கிகாபைற்று. அதற்கு மேற்பட்ட நினைவகத்தை முழுமையாகப் பயன்படுத்தவே பலர் 64 பிற்று விண்டோஸுக்கு மாறுகின்றனர். இங்கு மாணவர்கள் வழமையாகக் குழம்பும் இடம் ஒன்றுண்டு. 32 பிற்றுப் பிரயோக மென்பொருள் 64 பிற்று விண்டோஸில் பெரும்பாலும் இயங்கும். ஆனால் கேர்னலில் இயங்கும் 32 பிற்றுச் செலுத்தி அங்கு இயங்காது. விண்டோஸ் 11இல் 32 பிற்றுப் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்துவிட்டதால், இந்தப் பிரச்சினை இப்போது பல அலுவலகங்களின் வாசலில் நிற்கின்றது.

கெனன் எல்.பீ.பீ. 1120 என்னும் சிறிய லேசர் அச்சுப்பொறியைப் பாருங்கள். அதன் உற்பத்தியாளர் 64 பிற்று விண்டோஸுக்குச் செலுத்தி வெளியிடவில்லை. அதே வேளை, அதைவிடப் பழைமையான புள்ளி அச்சுப்பொறிகள் புதிய கணினிகளிலும் அச்சிடுகின்றன. பழையது ஓடுகின்றது, அதற்குப் பிந்தியது ஓடவில்லை! காரணம் அவற்றின் அமைப்பில் உள்ளது. புள்ளி அச்சுப்பொறி தனக்கு வரும் எழுத்துக் குறியீட்டைத் தானே விளங்கி அச்சிடக்கூடியது. அதன் கட்டளைகளும் பலருக்கும் தெரிந்தவை. மலிவான பல லேசர் அச்சுப்பொறிகளோ பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடுகின்றன. அந்த வேலையைச் செய்வது செலுத்தி. செலுத்தி இல்லையேல் அவ்வச்சுப்பொறி வெறும் பெட்டி.

அப்படியானால் பேனா டிரைவைச் செருகியவுடன் இயங்குவது எப்படி? சாவிப்பலகை, சுட்டி, பேனா டிரைவ் போன்றவற்றுக்கு யூ.எஸ்.பி. பொது நியமங்கள் உள்ளன. அந்நியமங்களுக்கான செலுத்தி விண்டோஸுடனேயே வருகின்றது. விண்டோஸ் 98 காலத்தில் பேனா டிரைவுக்கும் தனியான செலுத்தி நிறுவ வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

செயன்முறைக்கு வருவோம். தரமுயர்த்த முன்னர் சாதனத்தின் கீழ்ப்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் புதிய பதிப்புக்கும் பிற்று அளவுக்கும் பொருந்தும் செலுத்தி உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். வலையமைப்புச் செலுத்தியை முதலில் பேனா டிரைவில் சேமித்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இணையம் இல்லை. இணையம் இல்லாவிட்டால் மற்றச் செலுத்திகளை அக்கணினியில் பதிவிறக்க வழியில்லை. கோப்புகளைக் காப்புப் பிரதி எடுப்பதை நான் சொல்லத் தேவையில்லை. நிறுவிய பின்னர் டிவைஸ் மனேஜரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் நிற அடையாளம் காணப்படும் சாதனத்துக்குச் செலுத்தி இல்லை, அல்லது வேறு பிரச்சினை உள்ளது.

செலுத்தி எங்கும் கிடைக்காத சாதனத்தையும் உடனே எறிய வேண்டியதில்லை. அதற்கெனப் பழைய கணினியொன்றைப் பழைய பதிப்புடனேயே, இணையத்துடன் இணைக்காமல் வைத்திருக்கலாம். லினக்ஸையும் முயன்று பார்க்கலாம். லினக்ஸில் பெரும்பாலான செலுத்திகள் கேர்னலுடன் சேர்ந்தே பேணப்படுவதாலும், வருடிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் தன்னார்வலர்கள் செலுத்தி எழுதியிருப்பதாலும், உற்பத்தியாளர் கைவிட்ட பல சாதனங்கள் அதில் இன்னும் இயங்குகின்றன. உபுண்டு போன்றவற்றை வன்தட்டில் நிறுவாமலே பேனா டிரைவிலிருந்து இயக்கிப் பரிசோதிக்கலாம்.

மாதிரி வினா

பாடசாலைக் கணினி அறையொன்றில் 32 பிற்று விண்டோஸ் 10 நீக்கப்பட்டு 64 பிற்று விண்டோஸ் 10 நிறுவப்பட்டது. அதன் பின்னர் சுட்டியும் சாவிப்பலகையும் இயங்கின. பழைய வருடி இயங்கவில்லை. பழைய 32 பிற்றுத் தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் இயங்கியது.

(அ) வருடி இயங்காமைக்கான காரணம் யாது?
(ஆ) சுட்டி இயங்கியது ஏன்?
(இ) தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் மட்டும் இயங்கியது எவ்வாறு?
(ஈ) வருடி பழுதா எனத் துணிய ஆசிரியர் செய்யக்கூடிய ஒரு சோதனையைத் தருக.

விடை

(அ) வருடியின் செலுத்தி 32 பிற்றுக்குரியது. அது 64 பிற்றுக் கேர்னலில் இயங்காது.
(ஆ) சுட்டி யூ.எஸ்.பி. பொது நியமத்தைப் பின்பற்றுவதால் விண்டோஸுடன் வரும் செலுத்தியே போதுமானது.
(இ) அது செலுத்தியன்று, பிரயோக மென்பொருள். 64 பிற்று விண்டோஸ் 32 பிற்றுப் பிரயோக மென்பொருளை இயக்க வல்லது.
(ஈ) வருடியை 32 பிற்று விண்டோஸும் உரிய செலுத்தியும் உள்ள வேறொரு கணினியுடன் இணைத்து ஒரு பக்கத்தை வருடிப் பார்த்தல். 'கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தல்' என்று மட்டும் எழுதினால் அது இவ்வினாவுக்கு விடையாகாது.