குனிவு வலிப்பு: நாட்களை எண்ண வேண்டிய குழந்தை நோய்

எக்கியார்குப்பத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன்பே தந்தை கடலுக்குச் சென்றுவிட்டார். தாய் உப்பள வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். ஐந்து மாதக் குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருக்கிறது. உறங்கி விழித்த குழந்தை திடீரெனத் தலையை முன்புறம் கவிழ்க்கிறது. இரு கைகளையும் விரித்து உயர்த்துகிறது. ஓரிரு நொடிகள் விறைத்துப் பின் தளர்கிறது. சில நொடிகள் கழித்து அதே அசைவு மீண்டும் வருகிறது. இவ்வாறு பத்துப் பதினைந்து முறை நிகழ்ந்தபின் குழந்தை அழுது ஓய்கிறது. மறுநாள் விழிக்கும்போதும் அப்படியே.

பாட்டி அதனை மாந்தம் என்று எண்ணுகிறார். அடுத்த வீட்டார் குழந்தை எதையோ கண்டு பயந்திருக்கிறது என்கிறார்கள். வயிற்றுவலியாக இருக்கலாம் என்று மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கிடைக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, நுரை தள்ளவில்லை, மயங்கி விழவும் இல்லை. ஆகவே எவரும் அஞ்சவில்லை. இப்படியே ஒரு மாதம் கழிந்துவிடுகிறது.

இதில் யாருடைய அலட்சியமும் இல்லை. அந்த அசைவு அத்தனை சிறியது என்பதே காரணம். ஆயினும் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் அவசரமாகக் கருதும் நோய்களுள் அதுவும் ஒன்று. அதனைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளையும், நம் நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த வழிமுறையையும், அவற்றிலிருந்து ஒரு குடும்பம் அறிந்துகொள்ள வேண்டியதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நோயின் இயல்பு

மருத்துவர்கள் இதனை 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்' என்பர். இவ்வலிப்போடு மூளையின் மின்னலைக் குழப்பமும் வளர்ச்சித் தடையும் சேர்ந்து காணப்படின் 'வெஸ்ட் சிண்ட்ரோம்' என்று பெயரிடுவர். எளிமை கருதி நாம் இங்குக் 'குனிவு வலிப்பு' என்றே குறிப்பிடுவோம். பிறக்கும் பத்தாயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலும் முதலாம் ஆண்டிற்குள், குறிப்பாக நான்கு முதல் ஏழு மாதங்களுக்குள் தொடங்குகிறது.

பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், பிறந்த சில நாட்களில் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்தல், மூளைக் காய்ச்சல், மூளையின் அமைப்புக் குறைபாடு, மரபணு மாற்றம் எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் பிறப்பை ஒட்டி நேரும் மூளைப் பாதிப்பே முதன்மையான காரணமாகக் காணப்படுகிறது. சில குழந்தைகளிடம் எக்காரணமும் புலப்படுவதில்லை. தாய் உண்ட உணவோ, கிரகணமோ, கண்ணேறோ இதற்குக் காரணமல்ல.

வலிப்பு நீடிக்கும் காலம் முழுவதும் குழந்தையின் மூளை ஓயாத மின் குழப்பத்தில் சிக்கியிருக்கிறது. சிரிக்கத் தொடங்கிய குழந்தை சிரிப்பை மறக்கிறது. தாயின் முகத்தைத் தேடிய கண்கள் தேடுவதை விடுகின்றன. கற்றவற்றை இழப்பதே இந்நோயின் கொடுமை.

ஒரு தந்தை எழுதிய கடிதம்

இந்நோய் வெஸ்ட் என்னும் பெயரைப் பெற்ற வரலாறு நினைவிற்கொள்ளத் தக்கது. வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் இருந்த மருத்துவர். அவருடைய மகனுக்கு நான்கு மாத வயதில் தலை கவிழும் அசைவுகள் தொடங்கின. தாம் அறிந்த மருத்துவம் அனைத்தையும் செய்து பார்த்தும் பயனின்றி, 1841-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் மகனின் அசைவுகளை அதில் நுணுக்கமாக விவரித்து, இத்தகைய நோயைக் கண்ட மருத்துவர்கள் எவரேனும் இருப்பின் வழி கூறுமாறு வேண்டினார்.

அவர் மகனுக்கு அன்று மருந்து கிடைக்கவில்லை. ஆயினும் கூர்ந்து பார்த்ததை எழுதிவைத்து, பிறரிடம் கேட்ட அந்தச் செயலிலிருந்தே இந்நோயைப் பற்றிய அறிவு தொடங்கிற்று. 1952-இல் இந்நோயின் மூளை மின்னலைக் குழப்பத்திற்குப் பெயர் இடப்பட்டது. 1958-இல் 'ஏ.சி.டி.ஹெச்.' என்னும் இயக்குநீர் ஊசி இவ்வலிப்பை நிறுத்துவது அறிவிக்கப்பட்டது. கடிதத்திலிருந்து மருந்துவரை ஒரு நூற்றாண்டிற்கு மேல் கடந்தது.

ஆய்வுகள் கூறுவன

2004-இல் பிரிட்டன் நாட்டில் 107 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், இயக்குநீர் வகை மருந்து பெற்றவர்களுள் 73 விழுக்காட்டினருக்கும், விகாபாட்ரின் என்னும் மருந்து பெற்றவர்களுள் 54 விழுக்காட்டினருக்கும் இரண்டு வாரங்களில் வலிப்பு நின்றது. அக்குழந்தைகளுட் பலரை நான்கு வயதில் மீண்டும் பரிசோதித்தனர். அப்போது வெளிப்பட்ட செய்தியே பெற்றோருக்கு முதன்மையானது. முதல் வலிப்பிற்கும் முதல் மருந்திற்கும் இடைப்பட்ட காலம் நீள நீள, குழந்தையின் வளர்ச்சி மதிப்பெண் படிப்படியாகக் குறைந்திருந்தது. ஒரு வாரத்திற்குள் மருந்து தொடங்கியவர், இரண்டு வாரத்திற்குள் தொடங்கியவர், ஒரு மாதத்திற்குள் தொடங்கியவர், இரண்டு மாதம் கடந்தபின் தொடங்கியவர் எனப் பிரித்துப் பார்த்தபோது இது தெரிந்தது.

2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 377 குழந்தைகள் பங்குபெற்றனர். இருவகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது 72 விழுக்காட்டினருக்கும், இயக்குநீர் வகை மருந்தை மட்டும் கொடுத்தபோது 57 விழுக்காட்டினருக்கும் வலிப்பு அடங்கிற்று. ஆயினும் பதினெட்டு மாத வயதில் இரு பிரிவினரின் வளர்ச்சியிலும் வேறுபாடு காணப்படவில்லை. வலிப்பு விரைவில் நின்ற குழந்தைகளின் வளர்ச்சியே மேலாக இருந்தது.

நம் நாட்டிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஏ.சி.டி.ஹெச். ஊசி விலை மிகுந்தது. எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே பிரெட்னிசோலோன் என்னும் மலிவான வாய்வழி மருந்து போதுமா என்பது நம் மருத்துவர்களின் கேள்வியாயிற்று. 2014-இல் வெளியான தில்லி ஆய்வு ஒன்று 63 குழந்தைகளுக்கு அம்மருந்தை இரு அளவுகளில் கொடுத்துப் பார்த்தது. உயர்ந்த அளவு பெற்றவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், வழக்கமான அளவு பெற்றவர்களுள் கால்வாசிப் பேருக்கும் இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றது.

நம் மருத்துவர்கள் வகுத்த பொது வழிமுறை

இந்தியக் குழந்தை நரம்பியல் மருத்துவர்களின் சங்கமும், இந்திய வலிப்புநோய்க் கழகமும் இணைந்து இந்நோய்க்கான பொது வழிமுறையை வகுத்தன. அது 2021-இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியாயிற்று. வலிப்பு வகையை ஐயமற உறுதிசெய்ய இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவு தேவை. காரணம் அறிய மூளையின் எம்.ஆர்.ஐ. படம் உதவும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏ.சி.டி.ஹெச். ஊசியோ உயர்ந்த அளவு பிரெட்னிசோலோனோ முதல் மருந்து. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபு நோய் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விகாபாட்ரின் முதல் மருந்து. எதுவாயினும் காலந்தாழ்த்தாமல் தொடங்க வேண்டும் என்பன அதன் சாரம்.

இதனால் ஒரு குடும்பத்திற்கு என்ன பயன்? எந்த ஊர் மருத்துவரிடம் சென்றாலும் பின்பற்றத்தக்க பொது நெறி ஒன்று கையில் இருக்கிறது. மருந்தும் எட்டும் விலையில் இருக்கிறது. மருத்துவர் அறியாத ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது. வீட்டில், விடியற்காலையில், பாயின் மேல் குழந்தை எப்படி அசைந்தது என்பதே அது. அதனை அவருக்குக் காட்ட வீட்டாரால் மட்டுமே இயலும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

1. வேறுபாட்டை அறியுங்கள். ஓசை கேட்டுத் தூக்கிவாரிப் போடுவது ஒருமுறை நிகழ்ந்து நின்றுவிடும். குனிவு வலிப்பு ஓசை ஏதுமின்றி, உறங்கி விழிக்கும் நேரத்தில், ஒரே வகையான அசைவாக, சில நொடிகள் இடைவெளியில் வரிசையாக வரும். சில குழந்தைகள் முன்புறம் குனியாமல் பின்புறம் வளைவதும், தலையை மட்டும் அசைப்பதும் உண்டு.

2. கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். போர்வையை விலக்கி, வெளிச்சத்தில், முகமும் கைகால்களும் தெரியுமாறு இரண்டு மூன்று நிமிடங்கள் எடுங்கள். நாள், நேரம், எத்தனை முறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர்முன் அந்த அசைவு வராமற்போகலாம். பதிவு அங்கே உங்களுக்காகப் பேசும்.

3. அன்றே புறப்படுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவைக் காட்டி, குழந்தைநல மருத்துவரிடம் அனுப்புமாறு கேளுங்கள். மரக்காணம் பகுதியினருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன.

4. கேட்கத் தயங்காதீர்கள். "இது குனிவு வலிப்பாக இருக்குமா, இ.இ.ஜி. எடுக்க வேண்டுமா?" என்று கேட்பது மருத்துவரை மதிக்காமை ஆகாது. விழித்திருக்கும்போது எடுத்த பதிவு இயல்பாக இருந்து அசைவு தொடருமாயின், உறக்கத்திலும் எடுக்க இயலுமா என்று கேளுங்கள்.

5. குழந்தையின் தோலில் வெளிறிய திட்டுகள் இருப்பின் மருத்துவரிடம் காட்டுங்கள். அது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவக்கூடும்.

6. சூடு போடாதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கோயிலுக்கு வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம். அதற்காக மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சைக் காலத்தில்

உயர்ந்த அளவு பிரெட்னிசோலோன் பெறும் குழந்தைக்குப் பசியும் எரிச்சலும் மிகும்; முகம் உப்பும்; இரத்த அழுத்தம் உயரலாம்; தொற்று எளிதில் பற்றலாம். இவற்றைக் கண்டு அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் கூறும் முறைப்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். தடுப்பூசி போடும் நாள் நெருங்கினால், குழந்தை இம்மருந்தை உட்கொள்வதைச் செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். வலிப்பு நின்றபின்னும் இ.இ.ஜி. மீண்டும் எடுக்கப்படும், கண்ணுக்குத் தெரியாத குழப்பம் அடங்கியதா என்பதை அதுவே காட்டும்.

விரைந்து சிகிச்சை பெற்ற எல்லாக் குழந்தைகளும் முற்றிலும் நலமடைவர் என்று கூற இயலாது. முடிவு பெரிதும் நோயின் காரணத்தைப் பொறுத்தது. மூளையில் முன்பே நேர்ந்த பாதிப்பை மருந்து அழிக்காது. அத்தகைய குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும், விளையாட்டு வழிப் பயிற்சியும் தொடர வேண்டும். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அமைந்த ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்கென்றே உள்ளன. காரணத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. காத்திருக்கும் நாட்களைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

உப்பளத்தில் வேலை செய்வோர் மழை மேகத்தைத் தொலைவிலேயே கண்டு, விளைந்த உப்பைக் காக்க விரைவர். மழை கொட்டியபின் வருந்திப் பயனில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். குழந்தையின் அந்தச் சிறிய குனிவும் அத்தகைய மேகமே. இக்கட்டுரையைப் படித்தவர்கள் இன்று மாலை வீட்டிலுள்ள பாட்டிக்கும் அத்தைக்கும் இதனைச் சொல்லுங்கள். குழந்தை விழிக்கும் வேளையில் அருகில் இருப்பவர் அவர்களாகத்தான் இருக்கக்கூடும்.