மருட்கையும் ஒரு மதிப்பெண் பட்டியலும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து நிகழும் உணர்வு உடலின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. நகை முதல் உவகை ஈறாக அதனை எட்டாக வகுத்த ஆசிரியர், ஒவ்வொன்றும் பிறக்கும் களன்களை நந்நான்காகக் கூறுவார். மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன்கண் தோன்றும். முதல் மூன்றும் மாணவர்க்கு எளிதில் விளங்குவன. முன்பு காணாதது புதுமை; மலையும் கடலும் போல்வன பெருமை; மிக நுண்ணியன சிறுமை. ஆக்கமாவது ஒன்று மற்றொன்றாய்த் திரிதல். இதற்கு வித்து மரமாதலையே பல்லாண்டுகள் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன். 2017ஆம் ஆண்டில் வேறோர் எடுத்துக்காட்டு என் அறை தேடி வந்தது.

கோரைப்பாய் நெய்யும் குடும்பத்திலிருந்து வந்து, நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் சட்டக்கல்லூரியில் சேர விழைந்தார். நான்தான் தடுத்தேன். "தமிழ் மட்டும் படித்தவர்க்கு அது கடினம். பி.எட். முடித்து ஆசிரியராகலாமே" என்றேன். நல்லெண்ணத்தால் கூறியதுதான், எனினும் அதனுள் என் பாடத்தைப் பற்றிய தாழ்வெண்ணமும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டார். ஈராண்டு கழித்து மதிப்பெண் பட்டியலுடன் வந்து நின்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை, விரல்கள் நடுங்கின.

"சாட்சியச் சட்டத் தாளில் தேறமாட்டேன் என்று வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன், ஐயா. எழுபத்தெட்டு வந்திருக்கிறது. வேறு எவருடைய மதிப்பெண்ணோ என்று அஞ்சுகிறேன்."

"பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறதே! பிறகென்ன ஐயம்?"

"அலுவல்முறைச் செயல்கள் முறைப்படியே நடந்தன என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம், ஐயா. 114ஆம் பிரிவு அவ்வாறுதான் சொல்கிறது. ஆனால் அது மறுக்கத்தக்க ஊகம்."

அவர் சுட்டியது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். (2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதனிடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது.) தோற்றுவிடுவோம் என்று அஞ்சியவர், தம் வெற்றியையே சட்டம் கொண்டு ஆராய்ந்தார்! நான் வாயடைத்துப் போனேன்.

திருத்தப்பெற்ற விடைத்தாளைத் தேர்வெழுதியவர் பார்வையிடலாம், படியும் பெறலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வுரிமையைத் தருகின்றது என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவர் விண்ணப்பித்தார். படி வந்ததும் என்னிடமே கொண்டுவந்தார். கையெழுத்து அவருடையதே, கூட்டலிலும் பிழை இல்லை.

நான் அந்த விடைகளைப் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலம் எளியது, சிலவிடத்துத் தடுமாறியது. ஆயினும் ஒவ்வொரு விடையிலும் முதற்கண் பிரிவின் கருத்து, அடுத்துச் சொற்பொருள், பின் எடுத்துக்காட்டு, அதன்பின் தாமே ஒரு வினா எழுப்பி அதற்குத் தாமே விடை. நன்னூலார் காண்டிகையுரைக்குக் கூறும் இலக்கணம் இதுவன்றோ? கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என மூன்றாண்டுகள் நம் வகுப்பில் எழுதிப் பழகியதை அவர் நூற்பாவை விட்டுச் சட்டப் பிரிவின்மேல் ஏற்றியிருந்தார். அச்சட்டமும் பல பிரிவுகளில் காட்டுகளைத் தந்து விளக்கும் இயல்புடையது. ஆதலின் முறை பொருந்திற்று. தாம் அவ்வாறு எழுதியதை அவரே அறிந்திலர். "ஆங்கிலம் வராததால் வீட்டுப் பழக்கத்தில் எழுதிவிட்டேன், ஐயா" என்றார். நம் துறையை அவர் வீடு என்றே குறிப்பிட்டார்.

கல்வி, பெருமிதத்தின் களன்களுள் முதலாவது. அம்மெய்ப்பாடு அவருடைய வாப்பாவிடம் தோன்றியிருக்கலாம். அவரிடம் நான் கண்டது மருட்கையே. என்னிடமும் அதுவே.

அன்று தடுத்ததற்காக வருந்துவதாக அவரிடம் கூறினேன்.

"தாங்கள் சொன்னதும் ஊகந்தானே, ஐயா" என்று சொல்லி, அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். விடைத்தாளின் ஒளிநகல் ஒன்றைத் துறைக்குக் கொடுத்துச் சென்றார். காண்டிகையுரை நடத்தும் நாளில் அதனை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறேன்.