முசிறித் துறையும் பாலக்காட்டுக் கணவாயும்

யவனர் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறும். அம்முசிறி எங்கே? எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில், கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் 2007 முதல் அகழ்ந்தனர். ஏறத்தாழ 6 மீட்டர் நீளத் தோணி, அதனருகே தேக்குத் தறிகள், செங்கல் துறைமேடை, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் எனப் பலவும் வெளிப்பட்டன.

அச்சாடி ஓடுகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். அறிவியல் பயில்வோர்க்கு அவையே இனிக்கும். ஓட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், களிமண்ணோடு கலந்த மணல் தன் பிறந்த ஊரைக் காட்டிக்கொடுக்கும். இவ்வோடுகள் சிலவற்றில் இருப்பது கரிய எரிமலை மணல். இத்தாலியில் வெசூவியசு மலையடியில், நேப்பிள்சு விரிகுடாப் பகுதிக்கு உரியது. அங்கே வனைந்த சாடி இங்கே வந்து உடைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘பட்டணமே முசிறி’ என்பது அத்தகைய முடிவன்று. ஊர்ப்பெயர் பொறித்த சான்று கிட்டும் வரையில் ‘பெரிதும் பொருந்துகிறது’ என்பதே முறை. நம் மேடைப் பேச்சாளரோ இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்!

வணிகத்தின் அளவை அறிய வியன்னா நகரில் உள்ள பாப்பிரசு ஏடு ஒன்று உதவுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதாகிய அவ்வேட்டில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தமும், எர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் உள்ளன. மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் திராக்மா. எகிப்தில் இறங்கும் இந்தியச் சரக்குக்கு நான்கில் ஒரு பங்கு சுங்கம்! செங்கடல் துறையான பெரனிகேயில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு, இந்தியச் சாடி ஒன்றில் அப்படியே கிடைத்தது.

இவ்வளவும் கடற்கரையில் விளைந்தவை அல்ல. மிளகு மலைச் சரக்கு. இன்றைய இடுக்கி மலைகளின் வழியே ஓடி வரும் பெரியாற்றின் கழிமுகப் பகுதியில்தான் பட்டணம் இருக்கிறது. மணிக்கல் கிழக்கிலிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, நொய்யற்கரைக் கொடுமணலில் மணி செய்த தொழிற்கூடங்கள் இருந்தன. கோவை வட்டாரத்தில் உரோமக் காசுப் புதையல்கள் பல கிடைத்துள்ளன. பட்டணத்திலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் உண்டு.

நம் ஊர்களில் சிலர் தமிழரை நேற்று வந்தவர் என்பர். வேறு சிலர் முசிறி முழுவதும் நமதே என்பர். எல்லைக்கோடு வந்தது 1956இல். அதுவரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. வணிகர் கூட்டமோ ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இக்கணவாயில் போய்வந்தது. அவர்கள் எவ்வெவ்வூரில் பொதி இறக்கித் தங்கினர் என்பதை, இனி இக்கணவாய் மேடுகளைத் தோண்டித்தான் அறிய வேண்டும்.