வௌவாலும் நம் வீடும்

கிராமத்தில் வாழும் நமக்கு வௌவால் புதிய பிராணி அன்று. கோயில் மண்டபத்திலும், பாழடைந்த சத்திரத்திலும், ஓட்டு வீட்டின் இறவாரத்திலும், ஏரிக்கரை ஆலமரத்திலும் அதனை அன்றாடம் காண்கிறோம். ஆயினும் இத்துணை அருகில் கண்டும் இத்துணை தவறாக நாம் அறிந்திருக்கும் பிராணி வேறொன்று இருத்தல் அரிது. 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள மாநிலத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா என்னும் நோய் பரவிப் பலர் உயிரிழந்த பின்னர், அத்தவறான எண்ணங்களோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. வௌவால் தங்கும் மரத்தை வெட்ட வேண்டும், கூரையில் புகையிட வேண்டும் என்னும் விண்ணப்பங்கள் வரக் கண்டேன். அத்தகைய விண்ணப்பத்தின்மேல் முடிவு செய்யுமுன் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிய வேண்டியவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

தவறான எண்ணங்கள் சில

வௌவால் பறவை அன்று. அது குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. நீண்ட கைவிரல்களுக்கிடையே விரிந்த மெல்லிய தோலே அதன் சிறகு. பெரும்பாலான இனங்கள் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆதலின் எலியைப்போல் அவை விரைந்து பெருகுவதில்லை.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்பதும் பிழை. பழந்தின்னி வௌவால் கண்ணாலும் மோப்பத்தாலும் பழத்தைக் கண்டுகொள்கிறது. பூச்சி தின்னும் சிறு வௌவால்களோ நம் செவிக்கு எட்டாத நுண்ணொலியை எழுப்பி, அது பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக்கொண்டு இருளில் வழியறிகின்றன. 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொனால்டு கிரிபின் என்னும் மாணவர், பேராசிரியர் பியர்ஸ் அமைத்த கருவியின் துணையால் இந்நுண்ணொலியை முதன்முதல் பதிவு செய்தார். நம் தலைக்கருகில் வௌவால் தாழப் பறப்பது தலைமயிரைப் பற்றுதற்கன்று. நம்மைச் சுற்றும் கொசுவைப் பிடித்தற்கே.

வௌவால் இரத்தம் குடிக்கும் என்று குழந்தைகளை அச்சுறுத்துவர். இரத்தம் குடிக்கும் வௌவால் இனங்கள் உலகில் மூன்றே உள்ளன. அவை மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரையுள்ள நாடுகளில் வாழ்வன. நம் நாட்டில் அவை இல்லை.

வௌவால் வாயாலேயே மலங்கழிக்கும் என்பது மற்றொரு நம்பிக்கை. இதற்குக் காரணம் உண்டு. பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையை உருண்டையாக உமிழ்ந்துவிடுகிறது. மரத்தடியில் கிடக்கும் அவ்வுருண்டையைக் கண்டோர் அதனை மலமென்று எண்ணினர். உண்மையில் அது கழிவை வெளியிடும்போது கைக் கட்டைவிரலால் கிளையைப் பற்றி உடலை நிமிர்த்திக்கொள்கிறது.

இவற்றினும் தீங்கானது, வௌவால் இறைச்சி ஈளை நோயைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கையாகும். இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மேலும், வேட்டையாடிய வௌவாலைக் கையால் தொட்டு அறுப்பதே நோய்க்கு வழிகோலும்.

விவசாயிக்கு என்ன பயன்?

பூச்சி தின்னும் சிறு வௌவால் ஒரே இரவில் தன் எடையில் பாதியளவு பூச்சிகளை உண்ணவல்லது. தாய்லாந்து நாட்டில் குகை வௌவால்கள் நெற்பயிரைக் கெடுக்கும் தத்துப்பூச்சியைப் பெருமளவில் உண்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பழந்தின்னி வௌவால்கள் இலவ மரத்தின் பூக்களில் மகரந்தத்தைச் சேர்க்கின்றன. ஆல், அத்தி, நாவல், இலுப்பை முதலியவற்றின் விதைகளைத் தொலைவிற்குக் கொண்டுசெல்கின்றன.

கொய்யா, சப்போட்டா, மா, திராட்சைத் தோட்டங்களில் அவை நட்டம் விளைவிப்பதை மறைப்பதற்கில்லை. முதிர்ந்த காய்களை மரத்தில் பழுக்க விடாது பறித்தலும், குலைகளைப் பையிட்டு மூடுதலும் நலம். வலை விரிப்பதாயின் விரல் நுழையாத சிறு கண்ணுடைய வலையை இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்த வலையில் வௌவாலும் பறவையும் சிக்கி மடியும்.

நோய்க்கு அஞ்ச வேண்டுமா?

எச்சரிக்கை வேண்டும், பீதி வேண்டா. நிபா நோய்க்கிருமி பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் இயற்கையாகக் காணப்படுகிறது. எனினும் மரத்தில் வௌவால் தொங்குவதனாலேயே ஊரில் நோய் பரவிவிடாது. வங்காளதேசத்தில், வௌவால் நக்கிய பச்சை ஈச்சஞ்சாற்றைக் காய்ச்சாமல் குடித்ததால் மக்களுக்கு அந்நோய் வந்தது. கோழிக்கோட்டிலோ, நோயுற்றவரிடமிருந்து அருகிலிருந்தோருக்கே அது பெரும்பாலும் பரவிற்று. எனவே பதநீர்க் கலயங்களை மூடிக் கட்டுதல், வௌவால் கடித்த பழங்களைக் குழந்தைகள் உண்ணாமற் காத்தல், பழங்களைக் கழுவி உண்ணுதல், மரத்தடிக் கிணற்றுக்கு மூடியிடுதல் ஆகியவற்றை ஒவ்வோர் ஊரும் கைக்கொள்ள வேண்டும். மரத்தை வெட்டினால் வௌவால்கள் அழிந்துபோவதில்லை. கலைந்து பல இடங்களில் குடியேறும்.

வௌவால் கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டிற்குள் புகுந்தால்

இரவில் அறைக்குள் வௌவால் புகுந்தால் துடைப்பத்தைத் தேட வேண்டியதில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்துக. அறைக் கதவைச் சாத்தி, வெளிப்புறச் சன்னல்களை முழுதும் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுக. பெரும்பாலும் அது தானே போய்விடும். தரையில் விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தொடலாகாது. தடித்த துணியாலோ அட்டைப் பெட்டியாலோ மூடியெடுத்து, வெளியே மரக்கிளையில் விட்டால் போதும்.

கூரையில் தங்கினால்

இங்கே என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஓர் ஊரில் பள்ளிக் கட்டடத்தின் கூரை இடுக்கில் வௌவால்கள் தங்குவதாக முறையிட்டனர். "துளைகளை அடைத்துவிடுங்கள்" என்று நான் வாய்மொழியாகவே சொல்லிவிட்டேன். பட்டப்பகலில் சிமெண்டு பூசி அடைத்தனர். உள்ளே தாயும் குட்டியுமாக இருந்தவை வெளிவர வழியின்றி மடிந்தன. நாற்றம் தாங்காமல் ஒரு வாரத்திற்கு மேல் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் அமர்ந்து பாடம் படித்தனர். பூசிய சுவரை இடித்துத் துப்புரவு செய்ய ஊராட்சி இருமுறை செலவு செய்தது. பள்ளியைப் பார்வையிடச் சென்ற என்னிடம் ஒரு சிறுமி, "குட்டிக்கு என்ன ஐயா தெரியும்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

முறையான வழி வருமாறு:

1. இரண்டு மூன்று நாள் அந்தியில் வெளியே நின்று, வௌவால்கள் எத்துளை வழியே வெளியேறுகின்றன என்று குறித்துக்கொள்க.

2. அவை வெளியேறிய பின்னும் உள்ளே கீச்சொலி கேட்டால் பறக்க இயலாத குட்டிகள் உள்ளன என்று கொள்க. அவை வளர்ந்து பறக்கும்வரை சில வாரங்கள் பொறுத்தல் வேண்டும்.

3. குட்டி இல்லையென உறுதியானபின், மற்றத் துளைகளை அடைத்து, முதன்மையான துளைக்கு வெளியே சிறுகண் நைலான் வலையைத் திரைபோல் தொங்கவிடுக. மேலும் பக்கங்களும் ஒட்டியிருக்க, அடிப்புறம் திறந்து ஒரு முழமேனும் தொங்க வேண்டும். உள்ளிருப்பவை ஊர்ந்து வெளியேறும். திரும்ப நுழைய இயலாது.

4. ஒரு வாரம் சென்று, எதுவும் வெளிவரவில்லையெனக் கண்டபின் வலையை அகற்றி, சுண்ணாம்புக் காரையோ சிமெண்டுக் கலவையோ பூசி அடைக்கலாம்.

5. புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கலாகாது. தூசி மூச்சில் கலக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, நீர் தெளித்து நனைத்த பின் வாரி எருக்குழியில் இட்டு மண்ணால் மூடுக.

மிளகாய்ப் புகையும் மண்ணெண்ணெயும் வேண்டா. அவற்றால் மயங்கிய வௌவால்கள் வீட்டிற்குள்ளேயே விழும், தீவிபத்தும் நேரலாம்.

ஊராட்சியின் கடமை

1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில் இருந்தன. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948 இல் கிடைத்து, 1972 இல் தனியினமென அறியப்பட்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயர் சூட்டப்பெற்ற அரிய பழந்தின்னி வௌவால் பின்னர் அச்சட்டத்தின் உயரிய பாதுகாப்பைப் பெற்றது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தீங்கு செய்யும் பிராணிகள் என்னும் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. ஆகவே வௌவால்களைக் கொல்வதற்கோ அவை தங்கும் மரத்தை வெட்டுவதற்கோ தீர்மானம் வந்தால், வனச்சரக அலுவலரைக் கலந்து கொள்ளாமல் நிறைவேற்றலாகாது.

மதுரைக்கருகில் புளியங்குளம் என்னும் ஊரில், ஆலமரத்து வௌவால்கள் முனியின் காவலில் உள்ளவை என்று நம்பி மக்கள் அவற்றைத் தொடாது காத்து வந்தனர். முன்னோர் பக்தியால் காத்ததை நாம் அறிவாலும் காக்க இயலும். அடுத்த கிராம சபையில் இச்செய்திகளைப் படித்துக் காட்டுங்கள். துளையை அடைக்குமுன் ஒருநாள் அந்தியில் வெளியே நின்று பாருங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுவே.