பெரியவன் எவ்வளவு, சின்னவன் எவ்வளவு?

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அடுத்த ஞாயிறு, தாம்பரம், குரோம்பேட்டை சர்ச் வாசல்களில் ஆராதனை முடிந்ததும் வரும் கேள்வி: "பெரியவன் மார்க்கை சின்னவன் எடுப்பானா?" பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "சின்னவன் கீபோர்டு நல்லா வாசிக்கிறான், ஆன்ட்டி." அதோடு பேச்சை மாற்றிவிடலாம்.

ஆனால் ஒப்பீடு வீட்டுக்குள்ளும் உண்டு. தகப்பன் ஈசாக்குக்கு ஏசா செல்லம், தாய் ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம் என்று பிரிந்த வீட்டில் வளர்ந்த அதே யாக்கோபுதான், பின்னாளில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்வித்தான் (ஆதியாகமம் 25, 37). பாரபட்சத்தில் அடிபட்டவரே அதைத் திரும்பச் செய்கிறார், கவனியுங்கள்.

நம் வீட்டில் அது தொடராதிருக்க, குடும்ப ஜெபத்தில் "பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம்" என்று மொத்தமாக முடிக்காதீர்கள். அந்த வாரம் அவரவர் செய்த ஒன்றை, பெயர் சொல்லி நன்றியாக்குங்கள். கணக்கில் தடுமாறும் மகள், பாட்டியைச் சானடோரியம் சித்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரிசையில் நின்றதும் அதில் வரட்டும். மார்க் பேச்சு தனித்தனியாகத்தான். இன்னொருவர் காதில் விழ வேண்டாம்.